பட்டிப்பூவும் மப்பியா மரமும்: நுரையீரற் புற்றுநோய் மருந்துகளின் பச்சை வரலாறு

"நுரையீரற் புற்றுநோய்க்கு எங்கள் மூலிகைகளில் மருந்தே இல்லையா?" பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட என்னிடம் வாசகர்கள் அதிகம் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. முன்பு கடிதத்தில் கேட்டார்கள். பின்பு தொலைபேசியில் கேட்டார்கள். இன்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மின்னஞ்சலில் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். நோயாளியின் மகனோ மகளோதான்.

இக்கேள்விக்கு "உண்டு" என்றும் விடை சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக முடியும் என்பதை விளக்கச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. நான் கலைப் பட்டதாரி; இரசாயனவியல் எனது துறையன்று. ஆயினும் இது மனிதர்களின் வரலாறு. அந்த வரலாற்றில் ஒரு தமிழரின் பெயரும் இருக்கிறது. நம்மவர் பலருக்கு அப்பெயர் தெரியாது.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் மண்சட்டிகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு முற்றங்களிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடப்பது பட்டிப்பூ. தமிழகத்தார் அதனை நித்தியகல்யாணி என்பர். வேறு சிலர் சுடுகாட்டுமல்லி என்பர். சிங்கள மக்கள் வைத்த பெயரான 'மினி மல்' என்பதற்கும் பிணப்பூ என்பதே பொருள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கல்லறைகளிலும் தானாகவே பூக்கும் செடி என்பதால் இப்பெயர்கள் வந்திருக்கலாம். இது நம் மண்ணின் செடியன்று. இதன் தாயகம் மடகாஸ்கர். கப்பலேறி உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவிய செடி இது.

பல நாடுகளின் நாட்டு வைத்தியத்தில் இதன் இலை நீரிழிவுக்குக் கொடுக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டில் யமேக்காவைச் சேர்ந்த இருபத்தைந்து இலைகள் ஓர் உறையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள இலண்டன் நகருக்கு வந்தன. அனுப்பியவர் மருத்துவர் கிளார்க் நோபிள். பெற்றுக்கொண்டவர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராயிருந்த அவருடைய சகோதரர் றொபேட் நோபிள். நீரிழிவைப் பொறுத்தவரை ஆய்வு ஏமாற்றத்தையே தந்தது. விலங்குகளின் இரத்தத்தில் சீனி குறையவில்லை. ஆனால் வெண்குருதிக் கலங்கள் சடுதியாகக் குறைந்தன. வெண்குருதிக் கலங்களை அழிக்கும் பொருள் இரத்தப் புற்றுநோயையும் அழிக்கக்கூடுமல்லவா? சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளர் நோபிளுடன் இணைந்தார். 1958 இல் வின்பிளாஸ்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதே வேளையில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனமும் இச்செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கண்டறியப்பட்ட வின்கிறிஸ்டின் 1963 இல் அங்கீகாரம் பெற்றது. சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயை வென்ற மருந்துகளில் அதுவும் ஒன்று.

நுரையீரலுக்கு வருவோம். நுரையீரற் புற்றுநோயை மருத்துவர்கள் சிறுகலப் புற்றுநோய், சிறுகலமல்லாப் புற்றுநோய் என இரண்டாகப் பிரிப்பர். வின்கிறிஸ்டின் முதல் வகைக்கான கூட்டு மருந்துகளில் நெடுங்காலம் இடம்பெற்றது. இரண்டாம் வகைக்குப் பிரான்ஸிலிருந்து மருந்து வந்தது. பாரிஸுக்கு அருகே கிஃப்-சுர்-இவெட் என்ற இடத்தில் பணியாற்றிய பியர் பொத்தியே, பட்டிப்பூவிலுள்ள இரண்டு பொருள்களைப் பிணைத்து, சிறிது மாற்றி, வினோரெல்பின் என்ற மருந்தை உருவாக்கினார். சிறுகலமல்லா நுரையீரற் புற்றுநோய்க்கு அது பிரான்ஸில் 1989 இலும் அமெரிக்காவில் 1994 இலும் அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே, "மூலிகையில் மருந்து உண்டா?" என்று கேட்பவருக்கு, அவர் வீட்டு முற்றத்துச் செடியைக் காட்டி "உண்டு" என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் செடியின் இலையை அரைத்துக் குடிக்கலாமா? கூடாது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கைப்பிடி இலையில் புற்றுநோயை அடக்கும் அளவு மருந்து இல்லை, நஞ்சோ உண்டு. எந்தச் செடியில் எந்த மாதத்தில் எவ்வளவு இருக்கும் என்பதும் எவருக்கும் தெரியாது. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில், இரத்தப் பரிசோதனை செய்து, நாளத்தினூடாக மட்டுமே ஏற்றப்படும் பொருள் வின்கிறிஸ்டின். அதனைத் தவறுதலாக முள்ளந்தண்டுத் திரவத்தில் ஏற்றினால் உயிர் போகும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்குப் பட்டிப்பூ ஒன்றே போதிய மறுப்பு.

அடுத்தது யூ மரம். அமெரிக்க அரசின் தேசிய புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் உலகெங்குமுள்ள தாவரங்களைச் சேகரித்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சாறுகளைப் புற்றுநோய்க் கலங்களில் சோதித்தது. அத்திட்டத்தில் 1962 ஆம் ஆண்டு ஆதர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டிலிருந்து பசிபிக் யூ மரத்தின் பட்டையைக் கொண்டுவந்தார். வட கரோலினாவில் மொன்றோ வோலும், இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அதிலுள்ள பொருளைப் பிரித்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். அதுவே பக்லிடாக்செல். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1979 இல் சூசன் ஹோர்விட்ஸ் விளக்கினார். கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய வடங்கள் கட்டப்பட்டுப் பின்பு அவிழ்க்கப்படுகின்றன. பட்டிப்பூ மருந்துகள் வடத்தைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. யூ மருந்து கட்டிய வடத்தை அவிழவிடாமல் தடுக்கிறது. இரண்டிலும் கலம் பிரிய முடியாமல் மடிகிறது.

பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும். முதிர்ந்த ஒரு மரத்தின் பட்டை ஒரு வேளை மருந்துக்கே போதுமானது. மனிதனைக் காப்பதா மரத்தைக் காப்பதா என்ற விவாதம் 1980களின் இறுதியில் அமெரிக்காவில் கொதித்தது. அப்போதும் விடை தேடியவர்களில் முன்னின்றவர் பொத்தியே. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசி இலைகளில் இம்மருந்தின் முன்னோடிப் பொருள் இருப்பதை அவருடைய குழு கண்டது. இலை பறித்தால் மரம் மீண்டும் துளிர்க்குமல்லவா? அவ்வழியில் பிறந்த டொசெடாக்செல் 1999 இலும், அதற்கு முன் 1998 இல் பக்லிடாக்செலும் அமெரிக்காவில் நுரையீரற் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றன. இமயமலைப் பகுதியில் வளரும் பொடொபில்லம் போன்ற செடிகளின் வேரிலுள்ள பொருளை மாற்றிச் சுவிற்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனம் ஆக்கிய எட்டோபொசைட் 1983 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சிறுகலப் புற்றுநோய்க்கு இன்றும் முதலில் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளில் அது நிற்கிறது.

இனி, நான் முதலிற் குறிப்பிட்ட தமிழரிடம் வருகிறேன். அவர் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. 1915 இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் றொஜர் அடம்ஸிடம் ஆய்வு செய்து திரும்பி, அதே மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கியவர். வசதி குறைந்த ஒரு கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து உலகத் தரமான தாவர இரசாயனவியலை உருவாக்கியவர் என்று அறிஞர் அவரைப் போற்றுவர். ஆஸ்துமாவுக்குக் கிராமங்களில் கொடுக்கப்படும் நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோஃபோரின் என்ற பொருளின் அமைப்பை 1950களில் ஆராய்ந்து வெளியிட்டது அவருடைய குழுவே.

1963 இல் அவர் பம்பாயின் கோரேகாவ் பகுதியிலிருந்த சீபா ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். அங்கே என். விஸ்வநாதனுடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு சிறு மரத்தை ஆராய்ந்தார். அம்மரத்துக்கு அக்காலத் தாவரவியலார் வைத்த பெயர் மப்பியா ஃபெட்டிடா. துர்நாற்றமுடையது என்பது அதன் இரண்டாவது சொல்லின் பொருள். இன்று அதன் பெயர் நொதபொடைட்டிஸ் நிம்மோனியானா. இம்மரம் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. அதில் அவர்கள் கண்டது கம்டோதெசின் என்ற பொருள். 1972 இல் அதனை வெளியிட்டனர்.

அப்பொருள் புதியதன்று. வோலும் வானியும் 1966 இலேயே சீனாவின் 'மகிழ்ச்சி மரம்' எனப்படும் மரத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். ஆய்வுகூடத்தில் அது புற்றுநோயைத் தாக்கியது, நோயாளிகளிலும் பரிசோதிக்கப்பட்டது. ஆனால் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு உட்படக் கொடிய பக்கவிளைவுகள் தோன்றின. 1972 அளவில் அப்பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும். பம்பாயில் ஒரு தமிழர் அம்மருந்துக்கு வளமான புதிய ஊற்றைக் கண்டுபிடித்த ஆண்டிலேயே, அமெரிக்காவில் அம்மருந்து கைவிடப்பட்டது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதன் கதை திரும்பியது. 1985 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லீரோய் லியூவின் குழுவினர் அப்பொருளின் இரகசியத்தை அவிழ்த்தனர். நமது மரபணு இழை தும்புக் கயிறுபோல முறுக்கேறியது. அதைப் படியெடுக்கும்போது முறுக்கைத் தளர்த்த ஒரு நொதியம் இழையை வெட்டி, சுழலவிட்டு, மீண்டும் ஒட்டுகிறது. கம்டோதெசின் அந்த ஒட்டும் வேலையை மறிக்கிறது. வெட்டிய கயிறு வெட்டியபடியே கிடக்க, வேகமாகப் பெருகும் கலம் அழிகிறது. வழி தெரிந்தபின் இரசாயனவியலாளர் மூலக்கூற்றைத் திருத்தி, நீரிற் கரையக்கூடியதாகவும் கட்டுப்படுத்தக்கூடியதாகவும் ஆக்கினர். யப்பானில் உருவான இரினோடெக்கான் 1994 இல் அந்நாட்டில் நுரையீரற் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. டொபோடெக்கான் 1998 இல் அமெரிக்காவில் சிறுகல நுரையீரற் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

அத்துடனும் கதை முடியவில்லை. புற்றுநோய்க் கலத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியின் முதுகில் கம்டோதெசின் குடும்பத்து நஞ்சை ஏற்றி அனுப்பும் முறை இப்போது வந்துவிட்டது. அத்தகைய யப்பானிய மருந்தொன்று 2022 இல் ஒருவகை நுரையீரற் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1972 இல் கைவிடப்பட்ட பொருள் ஐம்பது ஆண்டுகளின் பின் மிகப் புதிய மருந்தின் அம்புமுனையாக நிற்கிறது.

மப்பியா மரத்துக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். உலகச் சந்தை விழித்ததும் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அம்மரத்தை வெட்டிச் சீவி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது அழிவை எதிர்நோக்கும் மரங்களில் ஒன்று. பட்டிப்பூவின் தாயகமான மடகாஸ்கரோ, அச்செடி ஈட்டிய பெருஞ்செல்வத்தில் பங்கு பெறாத நாட்டுக்கு எடுத்துக்காட்டாக அறிஞர் நூல்களில் இடம்பிடித்தது. காட்டைக் காத்தவருக்கு ஒன்றுமில்லை. கடையை வைத்தவருக்கே எல்லாம். 1992 ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமைச் சமவாயம் இந்த அநீதிக்கு விடைகாண முனைந்தது. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தில் தோல்விகள் நிறைந்திருக்கின்றன. அவை செய்தியாவதில்லை. கரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் நுரையீரற் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினர். காய்கறி அதிகம் உண்போருக்கு அந்நோய் குறைவு என்பதே காரணம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு பரிசோதித்தார்கள். 1994 இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. ஏறத்தாழ 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த மற்றொரு பரிசோதனையிலும் இதே போக்குத் தெரிந்ததால் 1996 இல் அதை இடைநிறுத்தினார்கள். கரட் நல்லதுதான். கரட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளை மாத்திரையாக்கிப் புகைபிடிப்பவருக்குக் கொடுத்தபோது அது தீங்காயிற்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. கண்ணாடித் தட்டில் அது புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறது. மனித உடலிலோ அது இரத்தத்தை அடைவதே அரிது.

இந்த இடத்தில் கொழும்புக்குத் திரும்புகிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஐரா தாப்ரூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஸ்மைலக்ஸ் கிளப்ரா ஆகிய மூன்றும் சேர்ந்த கசாயத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தனர். சிங்கள வைத்தியப் பரம்பரையொன்று புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்த கசாயம் அது. முதலில் ஈரல் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் ஆராய்ந்தார்கள். 2020 இல் சிறுகலமல்லா நுரையீரற் புற்றுநோய்க் கலங்களின்மீது இக்கலவையின் சாறு காட்டிய விளைவு வெளியாயிற்று. கட்டுபில என்ற செடியின் கசாயத்தை அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டனர். இவை மதிக்கத்தக்க முயற்சிகள். நாட்டு வைத்தியரின் சொல்லை ஏளனம் செய்யாமலும், அப்படியே நம்பிவிடாமலும் சோதித்துப் பார்த்தவர்கள் இவர்கள்.

ஆயினும் அவர்கள் கண்டது கண்ணாடித் தட்டிலும் எலியிலும் கண்டதே. அதற்கும் மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கம்டோதெசினின் கதை நமக்குச் சொல்லிவிட்டது. 1966 இல் தொடங்கி 1990களில் முடிந்த தூரம் அது. இத்தூரத்தைச் செய்தித் தலைப்புகள் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகின்றன. "புற்றுநோய்க்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பை எத்தனையோ தடவை எத்தனையோ பத்திரிகைகளில் கண்டிருக்கிறேன். அம்மருந்துகளில் பெரும்பாலானவை பின்பு எங்கே போயின என்று எவரும் எழுதியதில்லை.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அனுமதிப் பத்திரங்களுடன் வெள்ளவத்தை விடுதிகளிலும் கொட்டாஞ்சேனை உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்ததை நான் அறிவேன். அவ்வளவு பாடுபட்டு வந்தவர்களிற் சிலர் பாதியிலேயே சிகிச்சையை விட்டார்கள். முடி உதிர்ந்தது, வாந்தி நிற்கவில்லை, கைப்பணம் தீர்ந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பின்னாளில் கொட்டாஞ்சேனையில் எனக்கு நன்கு தெரிந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவருக்கும் நுரையீரலில் இதே நோய் வந்தது. இரண்டு தடவை மருந்து ஏற்றியபின், "இந்த இங்கிலீசு நஞ்சு எனக்கு வேண்டாம், எங்கட மூலிகை போதும்" என்று நிறுத்திவிட்டார். புறக்கோட்டை கேபோஸ் லேனில் மூட்டை மூட்டையாகச் சருகும் வேரும் வாங்கிக் காய்ச்சிக் குடித்தார். மூன்று மாதங்களின் பின் மகன் அவரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. முன்பே தொடர்ந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய மருந்துச் சீட்டை நான் பார்த்தேன். அவர் நிறுத்திய 'இங்கிலீசு நஞ்சு' பக்லிடாக்செல். மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து.

அவர் மூலிகையை நம்பியதில் பிழையில்லை. எது மூலிகையின் மருந்து என்பதை அவருக்கு எவரும் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் ஆதங்கம்.

இதனைத் தமிழிற் சொல்வது நமக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் வழிவந்த 'கெமிஸ்தம்' என்ற இரசாயனவியல் நூல் 1875 இல் அச்சாயிற்று. மருந்தைத் தெரிந்துகொள்ள இரசாயனத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும், அதையும் தாய்மொழியில் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் இருந்த கொள்கை.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் நுரையீரற் புற்றுநோயைப் பற்றிய எக்கட்டுரையும் நிறைவடையாது. புகையிலையும் ஒரு செடிதான். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அது பல குடும்பங்களைக் கல்வீட்டில் வாழவைத்தது. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகள் ஒரு தலைமுறையைப் படிக்கவைத்தன. அச்செடியின் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் அறுபதுக்கும் மேல் உள்ளன. 1950 இல் றிச்சர்ட் டோலும் பிராட்போர்ட் ஹில்லும் இலண்டன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தியது. இலங்கையில் பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்யும் சட்டம் 2006 இல் வந்தது. புகைக்காதவர்களுக்கும், குறிப்பாக ஆசியப் பெண்களுக்கும், இந்நோய் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும் உலகில் இந்நோயினால் இறப்பவரில் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணம் புகையிலையே. இந்நோயைத் தடுக்க ஒரு செடியைத் தேடுபவர், முதலில் ஒரு செடியைக் கைவிடவேண்டும்.

கோவிந்தாச்சாரி தம் இறுதிக் காலத்தில் சென்னையில் வேப்பமரத்தின் இரசாயனத்தை ஆராய்ந்தார். 2001 இல் காலமானார். வேம்பைத் தொழுகின்ற மண்ணில் பிறந்து, அதனைத் தொழுவதோடு நில்லாமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த மனிதர்.

ஆகவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு எனது விடை இதுதான். மூலிகையில் மருந்து உண்டு. அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் தந்தையின் கட்டிலருகே சேலைன் போத்தலில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனை நிறுத்திவிட்டுக் கசாயத்துக்கு ஓடவேண்டாம். கசாயம் குடிக்க அவர் விரும்பினால் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். ஈரலுக்குச் சுமையாவனவும் உண்டு. மருத்துவர் கோபிப்பாரே என்று அஞ்சி மறைப்பதைவிடக் கேட்டுவிடுவதே மேல். அவர் ஒரு நிமிடம் செலவழித்து விளக்கினால், அந்த ஒரு நிமிடமும் மருந்தே.